வேடியப்பன் முதுகில் மூன்று குழிகள்

பொம்மிடி ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி நின்றது. குப்புராஜின் கால் பிளாட்பாரத்தைத் தொடுவதற்குள் அவன் வாய் இறங்கிவிட்டது.

"அண்ணே, இந்த ஊர் வெயில் டிக்கெட் இல்லாமலே தலைக்கு ஏறுதே! இதைப் பிடிக்கிறதுக்கு ரயில்வேயில ஆள் கிடையாதா?"

துப்பறிவாளர் தீர்த்தகிரி சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தை உதறிவிட்டு, சேலத்தில் மாடியறை ஒன்றைப் பிடித்துத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தவர் அவர். குப்புராஜ் நாடகக் கம்பெனியில் பபூனாக இருந்தவன். கம்பெனி கலைந்துபோன பிறகு அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். வேஷம் கலைந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே வில்வண்டி நின்றது. அதில் கதர்ப் புடவை கட்டிய ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஜில்லா போர்டு மெம்பர் ஜானகியம்மாள். போர்டில் இருந்த ஒரே பெண். இரண்டு நாளைக்கு முன் தந்தி கொடுத்து இவர்களை வரவழைத்தவர் அவர்தான்.

வண்டி நகர்ந்ததும் ஜானகியம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு சாமியைப் பத்தி விசாரிக்கணும்."

"காணாமப் போச்சுங்களா?" என்றான் குப்புராஜ்.

"இல்லை. வந்துடுச்சு."

தீர்த்தகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜானகியம்மாள் சொன்ன கதை இதுதான். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் வேங்கைக்கொட்டாய் என்று ஓர் ஊர். அங்கே முனியம்மாள் என்பவளின் மகள் தலைப்பிரசவத்தில் கஷ்டப்பட்டாள். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் தாயும் சிசுவும் போய்விட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து ஜானகியம்மாள் போர்டில் சண்டை போட்டு, அந்த ஊருக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்ட அனுமதி வாங்கினார். ஊர்ப் பெரியதனக்காரர் பச்சியப்பன் தன் கல்லாங்காட்டில் இடம் தானமாகக் கொடுத்தார். அதற்காக ஊரில் அவருக்கு மாலை போட்டு மேளம் கொட்டினார்கள். போர்டு ஆட்கள் வந்து கிணறு வெட்டினார்கள். கடைக்காலுக்குக் கயிறு கட்டி அளந்தும்விட்டார்கள்.

"போன வெள்ளிக்கிழமை காலையில மண்வெட்டியோட போனா, கயிறு கட்டின இடத்துக்கு நடுவுல ஒரு வேடியப்பன் கல்லு, இந்தப் பக்கத்து வீரச் சாமி, நிக்குது. தானா கிளம்பின சாமின்னு ஊரே கூடிப் பூசை பண்ணுது. அதுக்கப்புறம் அந்த மண்ணுல ஒருத்தன் கடப்பாரை வைக்கமாட்டேங்கறான்."

"இன்னிக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"சாயந்தரம் எஞ்சினீர் வர்றார். இடத்துல தகராறு இருக்குன்னு அவர் எழுதிட்டா ஆஸ்பத்திரி வேற தாலுகாவுக்குப் போயிடும். இந்த ஊருக்கு இன்னொண்ணு எப்போ வரும், யாருக்குத் தெரியும்?"

குப்புராஜ் தொண்டையைச் செருமினான். "அம்மா, நாங்க திருடனைப் பிடிச்சிருக்கோம், கொலைகாரனைப் பிடிச்சிருக்கோம். சாமியைப் பிடிச்சா எந்தச் செக்‌ஷன்ல போடறதுங்க?"

"அத்துமீறி நுழைஞ்சதுக்குன்னு போடலாம்" என்றார் தீர்த்தகிரி.

* * *

கல்லாங்காட்டில் திருவிழா மாதிரி கூட்டம். தேங்காய் உடைபட்டுக்கொண்டே இருந்தது. ஒரு புற்றை ஒட்டி, இடுப்புயரத்துக்கு மேல் ஒரு கல் நின்றது. மஞ்சளும் குங்குமமும் அப்பி, வேப்பிலை மாலை போட்டு, முதுகுப்புறம் முழுக்க மஞ்சள் துணி சுற்றியிருந்தது. பூசாரி மாதையன் கற்பூரத் தட்டோடு வியர்த்து நின்றுகொண்டிருந்தார்.

பெரியதனக்காரர் பச்சியப்பன் கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. மதுவிலக்குக் கமிட்டித் தலைவரும் அவர்தான். முகம் வாடியிருந்தது.

"மனசாரக் கொடுத்த இடமுங்க, அம்மா. சாமியே வந்து எனக்கு வேணும்னு உக்காந்துட்டா நான் என்னாங்க பண்றது? ஆஸ்பத்திரி வேற எங்கயாச்சும் நல்லபடியா வரட்டும். அதுக்கும் என்னால ஆனதைச் செய்யறங்க."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஜானகியம்மாள் அவருக்கே ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

தீர்த்தகிரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் அருகே போய்க் குனிந்தார். கையில் வில்லும் இடுப்பில் குறுவாளுமாக ஒரு வீரன். அவன் காலுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு மாடுகள். பழைய உளி வேலை. கோடுகளின் முனை மழுங்கிப்போயிருந்தது.

குப்புராஜ் காதருகே வந்தான். "போலிச் சாமியா அண்ணே?"

"கல்லு நிஜமான கல்லுதான். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முந்தியது. இங்க வந்து சேர்ந்த கதைதான் பொய்."

"எப்படிச் சொல்றீங்க?"

"முளைக்கிற விதை மண்ணை மேலே தள்ளும். இங்க பாரு, கல்லைச் சுத்தி மண்ணு கீழ அமுங்கியிருக்கு. ஆளுங்க மிதிச்சுக் கெட்டிப்படுத்தியிருக்காங்க. சாமி கிளம்பலை. நட்டிருக்காங்க."

பிறகு கண்ணைக் காட்டினார். குப்புராஜுக்கு அது போதும். பக்திப் பரவசத்தோடு கல்லைச் சுற்ற ஆரம்பித்தான். மூன்றாவது சுற்றில் கால் தடுக்கியவன்போல விழுந்து, விழுகிற சாக்கில் மஞ்சள் துணியைப் பிடித்து இழுத்தான். துணி அவிழ்ந்து கீழே விழுந்தது.

கல்லின் முதுகு தெரிந்தது. அதில் மூன்று குழிகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், அதிக ஆழமில்லை.

"அண்ணே, சாமி முதுகில யாரோ பல்லாங்குழி ஆடியிருக்காங்க!"

தீர்த்தகிரி குழிகளைத் தடவிப் பார்த்தார். "பல்லாங்குழின்னா குழிங்க ஒட்டி ஒட்டி இருக்கும். இதுல ஒரு குழிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விட்டிருக்கு பாரு. அந்த இடமெல்லாம் எப்படி வழவழன்னு இருக்கு?"

குப்புராஜ் அந்த இடைவெளிக்கு எதிரே தன் பின்புறத்தைத் திருப்பி அளவு பார்த்தான். பூசாரி முறைத்ததும் சட்டென்று திரும்பிக் கும்பிட்டான்.

"ஒரு ஆள் உக்கார்ற இடம்" என்று முணுமுணுத்தான்.

"சபாஷ்."

தீர்த்தகிரி கூட்டத்தைப் பார்த்தார். "இந்தக் கல்லை இதுக்கு முன்னால யாராவது எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க" என்று ஒரே குரலில் பதில் வந்தது. ஆண்கள் எல்லோரும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நின்ற நாலைந்து பேர் கல்லின் முதுகைப் பார்த்துப் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தீர்த்தகிரி துணியை எடுத்து மறுபடி மரியாதையாகக் கட்டிவிட்டுக் கூட்டத்திலிருந்து விலகி நடந்தார்.

"ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதாமே அண்ணே. இப்போ என்ன பண்றது?"

"ரெண்டு பேர் தெரியாதுன்னா நம்பலாம் குப்பு. ஊரே ஒண்ணா தெரியாதுன்னா ஊருக்கே தெரியும். இன்னொண்ணு கவனிச்சியா? சாமி முகத்தைப் பார்த்து எவனும் கன்னத்துல போட்டுக்கலை. முதுகைப் பார்த்துட்டுத்தான் போட்டுக்கிட்டான்."

"அதானே! முதுகுக்கு எதுக்கு மன்னிப்பு?"

"அதைச் சொல்றதுக்கு ஆம்பளைங்க லாயக்கில்லை. வா."

* * *

கல்லாங்காட்டின் ஓரத்தில் போர்டார் வெட்டிய புதுக் கிணறு. அங்கே ஒருத்தி தனியாகத் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். அவள்தான் முனியம்மாள் என்று ஜானகியம்மாள் சொன்னார். ஊரே பூசையில் நிற்க, அவள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குப்புராஜ் இரண்டு கையையும் ஏந்தினான். அவள் குடத்தைச் சாய்த்தாள். குடித்துவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"இளநித் தண்ணி அண்ணே! இந்தக் கல்லுக்கு அடியிலயா இது இருந்துச்சு?"

"பெரியதனத்தோட அப்பன் இந்தக் காட்டுல தோண்டாத எடமில்லீங்க" என்றாள் முனியம்மாள். "எங்க தோண்டினாலும் பாறைதான். போர்டுக்காரங்க வந்து வெட்டினாங்க, ஊத்து பிச்சிக்கிச்சு. இந்தச் சித்திரை வெயில்லயும் எறைக்க எறைக்க ஊறுது."

தீர்த்தகிரி கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இந்த ஊர்ல நீளமா ஒரு கல்லு, மேல மூணு குழி. ஆம்பளைங்க உக்கார்ற கல்லு. அப்படி ஒண்ணு எங்கயாவது கிடந்துச்சா?"

முனியம்மாள் கயிற்றை விட்டாள். வாளி தொப்பென்று உள்ளே விழுந்தது.

"எனக்குத் தெரியாதுங்களா அந்தக் கல்லு? என் வூட்டுக்காரனைப் பொழுதுக்கும் அதுமேல இருந்துதானே எழுப்பி இழுத்தாந்தேன்! கள்ளுக்கடை வாசல்ல கெடந்த கல்லுங்க. மொந்தை உருண்டுடக் கூடாதுன்னு கடைக்காரன் உளி வச்சுக் குழி பறிச்சு வச்சிருந்தான். அதை எதுக்குக் கேக்கறீங்க?"

ஜானகியம்மாள் விக்கித்துப்போய்க் கல் நின்ற திசையைத் திரும்பிப் பார்த்தார்.

முனியம்மாளும் பார்த்தாள்.

"அதா இது?"

"அதுதான்" என்றார் தீர்த்தகிரி. "கள்ளுக்கடை வாசல்ல முகம் கீழ இருந்திருக்கு. இங்க நட்டப்போ முதுகை மறைச்சிருக்காங்க. ஆனா குளிப்பாட்டிப் பூசை பண்ணினவங்க முதுகைப் பார்க்காம இருக்க முடியுமா? பார்த்திருக்காங்க. சாமி முதுகுமேல உக்காந்து இத்தனை வருஷம் கள்ளு குடிச்சோம்னு தெரிஞ்சதும் நடுங்கிப்போயிட்டாங்க. அதை எவன் வாயால சொல்லுவான்?"

"போன வருஷம் சேலம் ஜில்லா முழுக்க மதுவிலக்கு வந்ததும் அந்தக் கடையை மூடியாச்சு" என்றார் ஜானகியம்மாள். "கடையைக் குத்தகை எடுத்து நடத்தினவன் சென்னப்பன். இப்போ பாப்பிரெட்டிப்பட்டியில சோடாக்கடை வச்சிருக்கான்."

"தொழில் போன கோபம், கல்லும் அவன் கடைக் கல்லு" என்றபடி குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டினான். "அண்ணே, கேஸ் முடிஞ்சுது. மூணரை மணி வண்டியைப் பிடிச்சுடலாம்."

* * *

சென்னப்பன் சோடாவை உடைத்து இருவர் கையிலும் கொடுத்தான். கல்லைப் பற்றிக் கேட்டதும் அவன் பதறவில்லை. பெருமூச்சுதான் விட்டான்.

"என்னிக்காச்சும் என்கிட்டதான் வருவீங்கன்னு தெரியுங்க. சத்தியமாச் சொல்றேன், எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. எம் பொண்டாட்டிக்கு இது மூணாம் மாசம். அந்த ஆஸ்பத்திரி கட்டி முடிச்சு எப்போ திறப்பாங்கன்னு நான்தான் வாராவாரம் போய்ப் பார்த்துட்டு வர்றேன். நான் போய் அதைக் கெடுப்பனா?"

தீர்த்தகிரி அவன் முகத்தையே பார்த்தார். "கடையை மூடினப்புறம் அந்தக் கல்லு என்ன ஆச்சு?"

சென்னப்பன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கள்ளுக்கடை இருந்த தடமே தெரியக்கூடாதுன்னு மதுவிலக்குக் கமிட்டித் தலைவரே வந்து நின்னு இடிச்சாருங்க. ஓடு, கழி, மொந்தை எல்லாம் ஊராளுங்க எடுத்துப்போட்டாங்க. கல்லை மட்டும் கடைசியில, எல்லாரும் போனப்புறம் நெம்பிப் புரட்டினாரு. நான் தள்ளி நின்னு பார்த்தேன். புரட்டினவரு அப்படியே சிலையாட்டம் நின்னுட்டாரு. அப்புறம் மேல சாக்கைப் போட்டு மூடி, வெளியூர் ஆளுங்களை வச்சுத் தன் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு. என்னைக் கிட்டவே சேர்க்கலை."

"கமிட்டித் தலைவர்னா..." என்று இழுத்தான் குப்புராஜ்.

"பெரியதனந்தாங்க. பச்சியப்பன்."

குப்புராஜ் சோடாவை வாயில் வைத்தபடியே புரையேறி இருமினான்.

"இதை ஏன்யா இத்தனை நாள் சொல்லலை?"

"நான் சொன்னா எவன் நம்புவான் சாமி? கள்ளுக்கடை போன எரிச்சல்ல உளறுறான்னுவாங்க. அவரு இடம் கொடுத்த மவராசன். நான் கள்ளு ஊத்தினவன்."

திரும்பி வரும் வழியெல்லாம் குப்புராஜ் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "எனக்குப் புரியலை அண்ணே. இடத்தைக் கொடுத்தவரே அதுல சாமியை நட்டு எதுக்குக் கெடுக்கணும்? கொடுக்க இஷ்டமில்லைன்னா அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"கொடுத்தப்போ அது வெறும் கல்லாங்காடு."

"இப்போ மட்டும் என்ன, தங்கச் சுரங்கமா?"

"நீ இளநின்னு சொல்லிக் குடிச்சியே, மறந்துட்டியா?"

குப்புராஜ் வண்டியிலேயே எழுந்து நின்றுவிட்டான். கூரை தலையில் இடித்தது.

"தண்ணி!"

"மாலை வாங்கிக்கிட்டு மேளம் கொட்டிக் கொடுத்த இடத்தை மனுஷன் திருப்பிக் கேட்க முடியாது. சாமி கேட்கலாம்" என்றார் தீர்த்தகிரி.

* * *

பச்சியப்பன் தன் வீட்டு வாசல் புளியமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தீர்த்தகிரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. மோர் கொண்டுவரச் சொல்லி இருவருக்கும் கொடுத்தார்.

"நல்லாத்தான் விசாரிச்சிருக்கீங்க. சாட்சி யாருங்க?"

"சென்னப்பன்."

"கள்ளுக்கடைக்காரன். அப்புறம்?"

"முனியம்மாள்."

"மவ செத்ததுல புத்தி பேதலிச்சுப் போச்சும்பாங்க. அந்தக் கல்லுல தினம் உக்காந்த ஆம்பளைங்க அம்பது பேர் இருக்காங்க. அதுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், இது கள்ளுக்கடைக் கல்லுன்னு வாயைத் திறந்து சொல்லட்டும். நான் ஒத்துக்கறேன்." அவர் சிரித்தார். "சொல்லமாட்டான். சாமி குத்தம் ஒருத்தனோட போவாது, வம்சத்தையே புடிக்கும்னு பயமுங்க."

வெளியே வந்ததும் குப்புராஜ், "ஆள் கெட்டிக்காரர் அண்ணே. அம்பது வாய்க்கும் சாமியையே பூட்டா மாட்டி வச்சிருக்கார்" என்றான்.

"பூட்டுக்கு எப்பவும் ரெண்டு சாவி இருக்கும்" என்றார் தீர்த்தகிரி. "ஒண்ணு பயத்தைத் திறக்கும். அது என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு வாயைத் திறக்கும். அது உன்கிட்ட இருக்கு."

"என்கிட்டயா? என்கிட்ட இருக்கறது நாக்கு ஒண்ணுதானே?"

"அதேதான்."

* * *

வெயில் தாழ்ந்தது. எஞ்சினீர் வருகிறார் என்று ஊரே கல்லாங்காட்டில் கூடிவிட்டது. பச்சியப்பன் முன்வரிசையில் நின்றார். அவர் கண்கள் தீர்த்தகிரியைவிட்டு நகரவில்லை.

தீர்த்தகிரி கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"நான் அரூர்க்காரன். இந்த மாதிரிக் கல்லுங்களைக் கும்பிட்டு வளர்ந்தவன். இவர் யார்னு தெரியுமா? ஒரு காலத்துல இந்த ஊர் மாட்டையெல்லாம் எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். இந்த மனுஷன் வில்லை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடி, மாட்டை மீட்டுக் கொடுத்துட்டு, அம்பு பட்டு விழுந்துட்டார். காலுக்குப் பின்னால பாருங்க, அந்த மாடுங்க. ஊருக்காக உயிரை விட்டவர்னு உங்க பாட்டன் முப்பாட்டன் கல்லு நட்டாங்க. நட்டு வச்சு இவருக்கு என்ன படைச்சாங்க? தயிர்ச்சாதமா?"

கூட்டத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"கள்ளு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"நடுகல்லுக்குக் கள்ளு படைக்கிறது அந்தக் காலத்து வழக்கம். எங்க ஊர்ப் பக்கம் போன வருஷம் வரைக்கும் வேடியப்பனுக்குக் கள்ளு வச்சுத்தான் கும்பிட்டாங்க. அதனால தெரியாத்தனமா இவர் முதுகுமேல யாராவது நாலு சொட்டுச் சிந்தியிருந்தா அது குத்தமில்லை. உங்களை அறியாமலே வருஷக் கணக்குல படையல் போட்டிருக்கீங்க."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஆனால் வாய் திறக்கவில்லை.

அப்போது குப்புராஜ் முன்னால் வந்தான். நாடக மேடையில் நிற்பதுபோல ஒரு கையை இடுப்பில் வைத்தான்.

"அண்ணே, இவங்ககிட்டப் போய் ஏன் சொல்லிக்கிட்டு இருக்கீங்க? நான்தான் விசாரிச்சுட்டேனே. இது இந்த ஊர்க்காரங்க உக்காந்த கல்லே இல்லை. எல்லாம் மேட்டுக்கொட்டாய்க்காரங்க!"

மேட்டுக்கொட்டாய் பக்கத்து ஊர். இரண்டு ஊருக்கும் மாட்டுப்பந்தயத்திலிருந்து எல்லாவற்றிலும் போட்டி என்று வண்டிக்காரன் வாயைக் கிளறிக் குப்புராஜ் தெரிந்துவைத்திருந்தான்.

"மஞ்சள் துணியை எடுத்துப் பாருங்க, மூணு குழி இருக்கு. அந்த நடுக்குழிப் பக்கம் உக்காந்துக்கிட்டு, மேட்டுக்கொட்டாயான் ஒருத்தன், கீழ வைக்காம மடக் மடக்குன்னு மூணு மொந்தை குடிப்பானாம். குடிச்சுட்டு நேரா நடந்து வூட்டுக்குப் போவானாம். ஆம்பளைன்னா அவன் ஆம்பளை! இந்த ஊர்ல அப்படி எவன் இருக்கான்? ஒரு மொந்தைக்கே மூணு பேர் தூக்கிட்டுப் போவணும்."

"யாருடா சொன்னான்?"

குரல் கல்லுக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. பூசாரி மாதையன். கையில் கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் முகமும் எரிந்தது.

"மேட்டுக்கொட்டாயானா? அவனுங்களுக்கு அந்தக் கல்லுல எடம் கொடுத்தது யாரு? நடுக்குழி என்னுது! இருவது வருஷம் என்னுது! மூணு இல்லை, நாலு மொந்தை குடிச்சிருக்கேன்!"

"மாமா, பொய் சொல்லாத" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "உன் எடம் கெழக்கோரம். நடுவுல நான்தான் உக்காருவேன்."

"கெழக்கோரம் எங்கப்பாரு எடம்! அவரு செத்தப்புறம் எனக்கு வந்துச்சு!"

"நாலு மொந்தையா? வாந்தி எடுத்ததையும் சேர்த்துச் சொல்றியா?"

ஒரு நிமிஷத்தில் கல்லாங்காடே அமளிப்பட்டது. யார் எந்தக் குழிக்குச் சொந்தக்காரர் என்பதில் மூன்று சண்டை நடந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூசாரியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றாள். மாதையன் அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜானகியம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "குப்புராஜ், உங்க நாடகக் கம்பெனி எப்படிக் கலைஞ்சுதுன்னு இப்போ புரியுது" என்றார்.

சிரிப்பு அடங்கும்போது யாரோ கேட்டார்கள்:

"அது சரி. அங்க கெடந்த கல்லை இங்க யாரு கொண்டாந்து நட்டது?"

எல்லோரும் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து நிதானமாகப் பிரித்தார்.

"அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை" என்றார்.

பச்சியப்பன் அசையாமல் நின்றார். அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அன்றைக்கு அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒருத்தனாவது வாயைத் திறந்தால் ஒத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். வாய் திறந்தவர்களோ இப்போது மூட மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"நான்தான் கொண்டாந்தேன். கள்ளுக்கடையை இடிச்சப்போ கல்லைப் புரட்டினா சாமி, பயந்துபோய் என் களத்துல மூடி வச்சிருந்தேன். எங்கப்பன் இந்தக் காட்டுல மூணு கெணறு வெட்டினாரு. மூணும் பாறை. கடைசிக் கெணத்துல வெடி வச்சு, கல்லு விழுந்து செத்தாரு. அந்தக் கெணத்தை மூடினதே நான்தான். இது தண்ணியில்லாத காடுன்னு நெனச்சுத்தான் தானம் கொடுத்தேன். போர்டாளுங்க வெட்டி ஊத்து வந்த அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு மட்டும் அது எங்கப்பனோட தண்ணி, எவனோ எடுத்துக்கிட்டாப்பல இருந்துச்சு. வேணும்னு கேக்க வாய் வரலை. அதான் சாமியை விட்டுக் கேட்டேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனியம்மாள் வந்தாள். அவர் எதிரே நின்றாள். அவள் அறைந்துவிடுவாளோ என்று குப்புராஜ் ஓரடி முன்னால் வைத்தான்.

"எம் பொண்ணு வண்டியில போறப்போ தண்ணி தண்ணின்னு கேட்டா, பெரியதனம்" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "வழியில எங்கயும் கெடைக்கலை. உங்கப்பாரு தேடிச் செத்த தண்ணி இன்னிக்கு வந்திருக்கு. புள்ள பெறப் போற பொண்ணுங்க வாயில அதை ஊத்துறது உங்க கையால நடக்கட்டும்னு உங்களுக்குத் தோணலையா?"

பச்சியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தூரத்தில் போர்டு மோட்டாரின் ஹாரன் கேட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்ற காரிலிருந்து எஞ்சினீர் இறங்கினார். பின்னாலேயே ஓவர்சியர் அளவுச் சங்கிலியோடு இறங்கினான்.

"ஜானகியம்மா, சைட்டுல ஏதோ தகராறுன்னு கேள்விப்பட்டேன். என்ன விஷயம்?"

எல்லோரும் பச்சியப்பனைப் பார்த்தார்கள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"தகராறு ஒண்ணுமில்லீங்க. இந்த வீரர் கல்லு எங்க ஊர்ச் சொத்து. ஆஸ்பத்திரி வாசல்ல காவலுக்கு நிக்கட்டும்னு நாங்களே தள்ளி நட்டுக்கறோம். ஆனா ஒண்ணுங்க. ரோட்டுலருந்து இங்க வர்ற பாதை ரொம்பக் குறுகல். வலி எடுத்த பொண்ணை வண்டியில வச்சுக்கிட்டு வரப்புல ஏத்தி எறக்க முடியாது. மேற்கால இருக்கற என் நெலத்தையும் சேர்த்து அளந்துக்குங்க. வண்டி நேரா உள்ள வரணும்."

எஞ்சினீர் புருவத்தை உயர்த்தினார். "அது நல்லா விளையற நிலமாச்சே?"

"தெரியுங்க."

ஓவர்சியர் சங்கிலியைப் பிரித்தான். ஒரு முனையைப் பச்சியப்பனே வாங்கிக்கொண்டு தன் வயலுக்குள் இறங்கினார். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. யாரும் நகருவதற்குள் முனியம்மாள் போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடி ஆத்தா" என்று அங்கிருந்து கத்தினார் பச்சியப்பன். "ரெண்டு வண்டி எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கணும்."

அவள் இழுத்துப் பிடித்தாள்.